வெல்லாவெளித் தங்கச்சிக்கு: பிள்ளை, துவக்கு, மில்லில் போன விரல்

வெல்லாவெளிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். அவருடைய அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடம். அக்காவின் ஆறு வயது மகள் அம்மம்மாவோடு இருக்கிறாள். இத்தனை நாளும் எட்டியும் பார்க்காத தகப்பன், வேறொரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறவர், இப்போது வாசலில் வந்து "என் பிள்ளையைத் தாருங்கள்" என்று நிற்கிறார். அப்பா போன மாதம் காலமாகிவிட்டார். அவருடைய லைசன் துவக்கு வீட்டில் கிடக்கிறது. யானைத் தொல்லைக்கு வேண்டும் என்று பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார். இதற்கிடையில் தங்கச்சியின் கணவருக்கு நெல்லு மில்லில் பெல்ட்டில் சிக்கி வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. முதலாளி ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்து, முத்திரை ஒட்டிய கடதாசி ஒன்றில் கையெழுத்து வாங்கியிருக்கிறார். "இனி நாங்கள் என்ன செய்யலாம்?" என்பதுதான் கேள்வி.

தங்கச்சி, நான் களுவாஞ்சிகுடியிலும் கல்முனையிலும் இருபத்தைந்து வருடமாக வழக்குப் பேசுகிறவன். ஒரே வீட்டில் இத்தனையும் ஒன்றாக வந்து விழுந்திருப்பதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் எதுவும் கைமீறிப் போகவில்லை. நீங்கள் பிள்ளையை முதலில் எழுதியிருக்கிறீர்கள், உங்கள் மனதில் அதுதான் பெரிது, சரி. நான் துவக்கிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டும் மாதக் கணக்கில் இழுக்கும். துவக்கு இன்றைக்கே வீட்டை விட்டுப் போக வேண்டிய சாமான்.

லைசன் அப்பாவின் பெயரில் இருந்தது. அவர் கண்ணை மூடியதோடு அந்த அனுமதியும் முடிந்தது. வயலும் வளவும் போலப் பிள்ளைகளுக்கு வருகிற முதுசம் இல்லை அது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டம்தான் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. 1996இல் அதைத் திருத்தித் தண்டனைகளைக் கடுமையாக்கினார்கள். அதன்படி லைசன் இல்லாமல் துவக்கை வைத்திருப்பதே குற்றம். சுட வேண்டியதில்லை, விற்க வேண்டியதில்லை, கூரைக்குக் கீழே சாக்கில் சுற்றிக் கிடந்தாலே போதும். "அப்பாவின் துவக்குத்தானே" என்ற பதில் பொலிஸ் தேடி வந்து எடுக்கிற அன்று எடுபடாது. நீங்களாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் கதையே வேறு.

கிராம சேவகரிடம் சொல்லுங்கள், பொலிஸ் நிலையத்துக்கு முன்கூட்டியே போன் பண்ணுங்கள். துவக்கில் தோட்டா இருக்கிறதா என்று தெரிந்த ஒருவர் பார்த்துக் கழற்றட்டும், நீங்கள் கை வைக்க வேண்டாம். கொண்டுபோகும்போது துவக்கு வேறு, தோட்டா வேறு. லைசன் புத்தகமும் மரணச் சான்றிதழும் கூடவே போகட்டும். மோட்டார்சைக்கிளில் சாக்கில் கட்டிக்கொண்டு போகிற வேலை வேண்டவே வேண்டாம், வழியில் சோதனைக்கு மறித்தால் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க நேரிடும். பொலிஸாரையே வந்து எடுக்கச் சொல்வது இன்னும் நல்லது. ஒப்படைத்த பிறகு, துவக்கின் இலக்கமும் தோட்டாக்களின் எண்ணிக்கையும் எழுதிய பற்றுச்சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள்.

அப்புறம், உங்கள் தம்பிக்கோ வேறு யாருக்கோ வயல் காவலுக்கு அது உண்மையிலேயே தேவை என்றால் விண்ணப்பிக்கலாம். பயிர்ப் பாதுகாப்புத் துவக்குக்கு லைசன் கொடுப்பவர் மாவட்டச் செயலாளர். விண்ணப்பம் கிராம சேவகர், பிரதேச செயலகம், பொலிஸ் அறிக்கை என்று படிப்படியாகக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போகும். தற்காப்புக்கான கைத்துப்பாக்கி போன்றவை பாதுகாப்பு அமைச்சின் பொறுப்பு. கிடைத்தே தீரும் என்று நான் சொல்லமாட்டேன். கிடைத்தால் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும்.

விற்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். லைசன் இல்லாதவருக்குக் கொடுத்தால் வாங்கியவரும் குற்றவாளி, நீங்களும் குற்றவாளி. காசு வாங்கினீர்களா, சும்மா கொடுத்தீர்களா என்பதில் வித்தியாசம் இல்லை. லைசன் உள்ளவருக்கு என்றாலும் அதிகாரியின் அனுமதியோடு, பெயர் மாற்றிப் பதிவு செய்துதான் கைமாற வேண்டும். துவக்கு வியாபாரம் செய்ய, செய்து கொடுக்க, திருத்திக் கொடுக்கக்கூட ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுமதி உண்டு. பட்டறையில் வைத்து "சின்ன ரிப்பேர்தான்" என்று குழாய் மாற்றிக் கொடுக்கிறவர்கள் இதை நினைப்பதில்லை.

அந்த ஆள் யானைக்கு என்றுதான் கேட்டிருக்கிறார். படுவான்கரையில் யானை வந்து வயலை மிதித்து, வீட்டுச் சுவரை இடித்து நெல்லு மூட்டையை இழுக்கிற கொடுமை எனக்குத் தெரியும். ஆனாலும் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்தின் கீழ் யானை பாதுகாக்கப்பட்ட விலங்கு. யானை வெடி வனஜீவராசிகள் அலுவலகத்தில் கேட்டு வாங்க வேண்டியது. நாளைக்கு அந்தத் துவக்கால் யானையோ மனிதரோ செத்தால், குழாயில் இருக்கிற இலக்கம் நேராக உங்கள் அப்பாவின் பெயருக்கு வரும், அங்கிருந்து உங்கள் வாசலுக்கு வரும்.

கட்டுத்துவக்கு, அதாவது நூல் தட்டுப்பட்டால் தானாக வெடிக்கும்படி கட்டி வைக்கிற துவக்கு. அப்படி ஒரு வழக்கில் நான் இடம் பார்க்கப் போயிருக்கிறேன். விறகு பொறுக்கப் போன ஒரு அம்மா. புல்லுக்குள் முழங்கால் உயரத்தில் தங்கூசி, அந்த மெல்லிய நைலோன் நூல், கட்டியிருந்தது, கண்ணுக்குத் தெரியாது. பன்றிக்கு வைத்தேன் என்றார் வைத்தவர். அந்த அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. அதற்குப் பிறகு துவக்கு விற்கலாமா என்று யார் கேட்டாலும் எனக்கு அந்தத் தங்கூசிதான் ஞாபகம் வரும். அப்படிக் காயப்பட்டவர்களுக்கும் வழி உண்டு. குற்றச்செயலால் பாதிக்கப்பட்டோருக்கான 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் பாதுகாப்போடு நட்டஈட்டையும் பேசுகிறது. முதலில் பொலிஸில் முறைப்பாடு பதிவாகியிருக்க வேண்டும்.

இன்னொன்று, வயலில் மண் வெட்டும்போது போர்க்காலத்துத் துப்பாக்கி, குண்டு ஏதாவது தட்டுப்பட்டால் தொடாமல் அறிவித்துவிடுங்கள். தானியங்கித் துப்பாக்கி வைத்திருந்ததற்கு ஆயுள் தண்டனை வரை போகலாம்.

இனி உங்கள் கணவரின் கை. இதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன். நம் பக்கத்தில் உழைக்கிற சனம் வாய் திறவாமல் இழக்கிற காசு இதுதான்.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வேலையின்போது, வேலையின் காரணமாகக் காயம் பட்டால் முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். முதலாளியின் பிழையை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. "அவன் கவனமில்லாமல் கையை விட்டான்" என்று மில்லில் சொல்கிறார்களாம் என்று எழுதியிருக்கிறீர்கள். கவனக்குறைவு இந்தச் சட்டத்தில் முதலாளியைக் காப்பாற்றாது. குடிபோதையில் இருந்தார், பாதுகாப்புக்குப் போட்ட மூடியை வேண்டுமென்றே கழற்றினார் என்று காட்டினால்தான் அவர் தப்பப் பார்க்கலாம். உங்கள் கணவர் சொல்கிறபடி பெல்ட்டுக்கு மூடியே இருக்கவில்லை. அப்படியென்றால் பிழை யாருடையது? 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் சுழலும் இயந்திரங்களுக்கு வேலி, மூடி போடச் சொல்கிறது. மூன்று நாளுக்கு மேல் வேலைக்குப் போக முடியாத விபத்தைத் தொழிற்சாலைப் பரிசோதகருக்கு அறிவிக்கவும் சொல்கிறது. அறிவித்தார்களா என்று தொழில் அலுவலகத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அறிவித்திருக்க மாட்டார்கள்.

"அவர் நாட்கூலிதானே, நியமனக் கடிதம் இல்லையே" என்று கவலைப்படுகிறீர்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டியதில்லை. வாயால் சொல்லி, காலையில் வந்து, மாலையில் கூலி வாங்கினாலும் அது வேலைதான். முதலாளியின் தொழிலுக்காகவே அவர் வேலை செய்தார், அது போதும். கஷ்டம் நிரூபிப்பதில்தான் வரும். ஆகவே நிரூபிக்கிறதை இப்போதே சேருங்கள். கூட வேலை செய்த இரண்டு பேர், கூலிக் கணக்கு எழுதிய கொப்பியின் படம், மில்லுக்குள் அவர் நிற்கிற பழைய படம், முதலாளியின் போன் செய்திகள். எதையும் அழிக்காதீர்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம், ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது என்ன சொன்னார்கள் என்பது. இதை நான் எத்தனையோ வழக்கில் பார்த்துவிட்டேன். காயம்பட்டவரை வானில் ஏற்றிக்கொண்டு போகும்போதே கூட வந்தவர் காதில் சொல்வார்: "வீட்டில் விழுந்தது என்று சொல்லு, மில் என்று சொன்னால் பொலிஸ் கரைச்சல்." வலியில் கிடக்கிற மனிதன் தலையாட்டுவான். அந்த ஒரு வசனம் ஆஸ்பத்திரிப் பதிவில் ஏறிவிடும், பிறகு அதைத் துடைத்தெடுக்க வருடக் கணக்கில் பாடுபட வேண்டும். உங்கள் கணவரின் டயக்னோசிஸ் கார்டையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துப் பாருங்கள். மில் இயந்திரத்தில் சிக்கியது என்று இருந்தால் நிம்மதி. வேறு மாதிரி இருந்தால், உண்மையில் என்ன நடந்தது என்று பொலிஸில் ஒரு முறைப்பாடு கொடுத்து, ஏன் அப்படிச் சொல்ல நேர்ந்தது என்பதையும் அதில் எழுதுங்கள். பிந்தியாவது உண்மையைச் சொல்வது, சொல்லாமலே இருப்பதை விட நல்லது.

சரி, அந்தக் கையெழுத்து. ஐம்பதாயிரத்துக்கு "இனிக் கேட்கமாட்டேன்" என்று எழுதி வாங்கியிருந்தாலும் உரிமை போய்விடாது. இந்தச் சட்டத்தின் கீழ் வருகிற உரிமையை ஒரு கடதாசியில் எழுதிக் கைவிட முடியாது. இணக்கம் என்றால் அது நட்டஈட்டு ஆணையாளரிடம் பதிவாக வேண்டும், தொகை நியாயமா என்று அவர் பார்ப்பார். வாங்கிய ஐம்பதாயிரத்தை மறைக்காதீர்கள். வாங்கினோம் என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள், தேவையானால் அதைக் கழித்துக்கொள்ளட்டும். மறைத்தால் நீங்கள் சொல்கிற உண்மையையும் சந்தேகிப்பார்கள்.

எவ்வளவு கிடைக்கும்? உறுப்புக்கு உறுப்பு எத்தனை வீத இழப்பு என்று சட்டத்தோடு ஒரு அட்டவணை இருக்கிறது. அந்த வீதத்தையும் அவருடைய மாதக் கூலியையும் வைத்துத்தான் கணக்கு. அதனால்தான் கூலி எவ்வளவு என்பதை நிரூபிப்பது இவ்வளவு முக்கியம். முன்பு ஆகக்கூடிய தொகை ஐந்து இலட்சத்து ஐம்பதாயிரமாக இருந்தது. 2022இல் செய்த திருத்தம் அதை இருபது இலட்சமாக உயர்த்தியது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பி வரும் வழியிலும் நடக்கிற விபத்தையும் அந்தத் திருத்தம் உள்ளே கொண்டுவந்தது. மூன்று விரலுக்கு உச்சத் தொகை வராது, அப்படி யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். ஆனால் ஐம்பதாயிரத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. வலது கை, அதுவும் மூட்டை தூக்குகிற கை. காயம் ஆறி நிலைமை உறுதியான பிறகு வைத்தியர் கொடுக்கிற இயலாமைச் சான்றிதழில் இதெல்லாம் சரியாக வர வேண்டும். விரல் எந்த மூட்டோடு போனது, மிச்ச விரல்கள் மடங்குகிறதா, பிடி இருக்கிறதா என்று வைத்தியரிடம் எடுத்துச் சொல்லுங்கள். நம் ஆட்கள் வைத்தியருக்கு முன்னால் "பரவாயில்லை ஐயா" என்று சொல்லிப் பழகியவர்கள். அன்றைக்கு அப்படிச் சொல்லக் கூடாது.

காலக்கெடு இரண்டு வருடம், விபத்து நடந்த நாளிலிருந்து. பிந்தினால் தகுந்த காரணம் காட்டிக் கேட்கலாம்தான், அதை நம்பி இருக்க வேண்டாம். பல வருடத்துக்கு முன் ஒருவர் என்னிடம் வந்தார். அவரும் மில் வேலைக்காரர்தான், எந்த மில் என்று சொல்லத் தேவையில்லை. சாரத்தின் மடியிலிருந்து கடதாசிகளை எடுத்து மேசையில் வைத்தார், இடது கையால். வலது கை மணிக்கட்டோடு நின்றிருந்தது. "கை ஆறட்டும், பார்த்துச் செய்வோம்" என்று முதலாளி சொல்லிச் சொல்லியே வைத்திருந்தார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒரு மூட்டை அரிசி வீட்டுக்கு வரும். நல்ல மனிதர், கோபப்படுத்தக் கூடாது என்று இவரும் இருந்துவிட்டார். இரண்டு வருடமும் ஐந்து வாரமும் ஆன பிறகுதான் அரிசி நின்றது. அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார். நாங்கள் போராடினோம், நாங்கள் காட்டிய காரணம் போதவில்லை. தங்கச்சி, அரிசி மூட்டை வந்தால் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் விண்ணப்பத்தையும் போடுங்கள்.

விண்ணப்பம் கொழும்பிலுள்ள வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரின் அலுவலகத்துக்குப் போகும். பதிவுத் தபாலில் அனுப்பலாம், கல்முனை அல்லது மட்டக்களப்புத் தொழில் அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். இதை விட்டு, முதலாளியின் கவனயீனத்துக்கு எதிராக மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குப் போடுவதும் ஒரு வழி. அங்கே கூடுதலாகக் கேட்கலாம், ஆனால் பிழையை நீங்கள் நிரூபிக்க வேண்டும், வருடங்கள் பிடிக்கும், செலவும் உண்டு. அதற்கும் காலக்கெடு இரண்டு வருடம்தான். ஒரே காயத்துக்கு இரண்டு பக்கமும் வாங்க முடியாது. உங்கள் நிலைமைக்கு ஆணையாளரிடம் போவதே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

காயத்துக்குப் பிறகு "இனி வேலைக்கு வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்களா? அது தனி விஷயம். தொழில் நியாய மன்றத்துக்கு ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். இந்த ஆறு மாதத்தை முதலில் பாருங்கள், அந்த இரண்டு வருடத்தை விட வேகமாக ஓடுகிறது இது. அதோடு ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியரிடமிருந்து 8 வீதம், முதலாளியிடமிருந்து 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மட்டும் 3 வீதம். நாட்கூலிக்காரருக்கும் இது உண்டு. கட்டாமல் விட்டிருந்தால் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம், நிலுவையை மேலதிகத் தண்டப்பணத்தோடு அறவிடுவார்கள். இனி எந்த வேலையும் செய்ய முடியாத நிரந்தர இயலாமை என்று வைத்தியர் சான்றுப்படுத்தினால் சேமலாப நிதியை முன்கூட்டியே எடுக்கலாம். உங்கள் கணவருக்கு அந்த அளவு வராது என்று நினைக்கிறேன், வராமலே இருக்கட்டும்.

அரசாங்கத்தின் அஸ்வெசும நலன்புரித் திட்டத்தில் வருகிற இயலாமைக் கொடுப்பனவு பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2025இல் அது மாதம் 10,000 ரூபாயாக உயர்ந்தது. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். வருமானத்தையும் இயலாமையின் அளவையும் இரண்டையும் பார்ப்பார்கள். மூன்று விரல் இழப்புக்குக் கட்டாயம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. விண்ணப்பித்துப் பார்ப்பதில் நட்டம் இல்லை. அப்பா கமக்காரர் ஓய்வூதியத்துக்குக் காசு கட்டிவந்தவரா? அந்தப் புத்தகம் அலுமாரியில் இருந்தால் கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபையிலும் ஒரு தரம் விசாரியுங்கள்.

பிள்ளைக்கு வருகிறேன்.

முதலில் ஒரு பிழையான எண்ணத்தைத் திருத்த வேண்டும். ஊரில் யாரோ "தேசவழமைப்படி பிள்ளை தாய் வீட்டுக்கு" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தேசவழமை யாழ்ப்பாணத் தமிழருக்கான சட்டம், மட்டக்களப்புத் தமிழருக்கு அது பொருந்தாது. நம் பக்கத்து முக்குவச் சட்டமும் வழக்கொழிந்து நெடுங்காலம். நமக்கு நாட்டின் பொதுச் சட்டம்தான், அதாவது உரோமன் டச்சுச் சட்டமும் அதன் மேல் வந்த தீர்ப்புகளும். பழைய தீர்ப்புகளில், திருமணம் நீடிக்கும் வரை பிள்ளை விஷயத்தில் தகப்பனுக்கு முன்னுரிமை உண்டு என்று எழுதியிருக்கும். அதைக் காட்டித்தான் அவருடைய சட்டத்தரணி பேசுவார். ஆனால் பிள்ளையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்பதில் நீதிமன்றங்கள் தெளிவாக இருக்கின்றன. பெற்றவரின் உரிமை பிள்ளையின் நலனுக்குப் பின்னால்தான் வரும்.

ஆனாலும் நம் ஊர் வழக்கம் உங்களுக்கு வேறு விதமாக உதவும். இங்கே வீடு மகளுக்கு, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பிள்ளை பிறந்த நாளிலிருந்து அதே வீட்டில், அதே அம்மம்மாவின் பாயில், அதே பள்ளிக்கூடத்தில் வளர்ந்திருக்கிறாள். நம் தாய்வழிக் குடி வழக்கம் என்று சொன்னால் நீதிபதி கேட்கமாட்டார். பிள்ளைக்குப் பழகிய இடம் இது, இங்கிருந்து பிடுங்கினால் பிள்ளை பாதிக்கப்படும் என்று சொன்னால் கேட்பார். உண்மை ஒன்றுதான், சொல்கிற விதம்தான் வேறு.

அம்மம்மா தனியாக நின்று வழக்காடினால் அவர் பக்கம் பலவீனம். தகப்பனுக்கும் பாட்டிக்கும் இடையில் என்றால் தகப்பனை மறுக்க நல்ல காரணம் வேண்டும். ஆகவே அக்கா முன்னுக்கு வர வேண்டும். குவைத்திலுள்ள நம் தூதரகத்தில் அம்மம்மாவுக்கோ உங்களுக்கோ அற்றோணித் தத்துவம், அதாவது தனக்குப் பதிலாகச் செயற்படும் அதிகாரப் பத்திரம், எழுதி, உறுதிப்படுத்தி அனுப்பச் சொல்லுங்கள். அதை வைத்து மாவட்ட நீதிமன்றத்தில் பிள்ளையின் பொறுப்பைக் கேட்கலாம், விசாரணை முடியும் வரை பிள்ளை இப்போது இருக்கிற இடத்திலேயே இருக்க இடைக்காலக் கட்டளையும் கேட்கலாம். "தாய் விட்டுவிட்டுப் போனவள்" என்று அவர்கள் சொல்வார்கள். அதற்குப் பதில் அக்கா மாதா மாதம் அனுப்பிய காசின் துண்டுகள், பாடசாலைச் செலவு, பிள்ளையோடு போனில் பேசிய பதிவுகள். பிள்ளைக்குச் சோறு போடத்தான் போனாள் என்பதற்கு இதை விட என்ன சாட்சி வேண்டும்?

தகப்பன் வேறு பெண்ணோடு இருக்கிறார் என்பதை மட்டும் பெரிதாகப் பிடிக்காதீர்கள். அது ஒன்றே போதாது. அந்த வீட்டில் பிள்ளை எங்கே படுப்பாள், யார் பார்ப்பார்கள், இரண்டு வருடம் ஏன் வரவில்லை, ஒரு சதமாவது கொடுத்தாரா என்பவைதான் கேள்விகள். நீதிமன்றம் நன்னடத்தை உத்தியோகத்தரிடம் அறிக்கை கேட்கலாம். அவர் இரண்டு வீட்டுக்கும் வந்து பார்ப்பார். வீட்டை அவருக்காக அலங்கரிக்க வேண்டாம், கூட்டிப் பெருக்கிச் சாதாரணமாக இருங்கள்.

நீதிபதி பிள்ளையைத் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தனியே பேசவும் கூடும். பிள்ளைக்கு எதையும் சொல்லிக் கொடுக்காதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு வழக்கில் ஏழு வயதுப் பிள்ளை, வெள்ளைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு கதிரை நுனியில் இருந்தது. நீதிபதி "அப்பா எப்படி?" என்று கேட்டார். "அப்பா எங்களுக்குத் தாபரிப்புப் பணம் செலுத்தவில்லை" என்றது பிள்ளை. நீதிபதியின் முகம் மாறிவிட்டது. அந்த வார்த்தை எந்தப் பிள்ளையின் வாயிலிருந்தும் தானாக வராது. உண்மையிலேயே நல்ல வழக்கு அது, அந்த ஒரு வசனத்தால் நாங்கள் ஆறு மாதம் பின்னால் போனோம்.

தகப்பன் பிள்ளையைப் பார்க்க வந்தால் கதவை அடைக்காதீர்கள். கோபம் இருக்கும், இருந்தாலும் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து, பிள்ளையோடு பேச விடுங்கள். யார், எப்போது வந்தார், எவ்வளவு நேரம் இருந்தார் என்று ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வாருங்கள். வெளியே கூட்டிப்போக மட்டும், நீதிமன்றக் கட்டளை வரும் வரை, இணங்க வேண்டாம். மிரட்டினால், கை நீட்டினால், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், அது பன்னிரண்டு மாதம் வரை இருக்கும்.

அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால்? பொலிஸில் சிறுவர், பெண்கள் பிரிவில் உடனே முறைப்பாடு போடுங்கள். "தகப்பன்தானே கொண்டுபோனார்" என்று சொல்லி அனுப்பவும் கூடும், மனம் விட்டுவிடாதீர்கள். பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது பொலிஸின் வேலை இல்லை. அப்படி நடந்தால், பிள்ளையை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனு மூலம் மாகாண மேல் நீதிமன்றத்துக்கோ மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கோ போகலாம். பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் 1929க்கு அழையுங்கள், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம்.

தாபரிப்பும் இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டப்படி பதினெட்டு வயது வரை பிள்ளையைத் தாபரிக்கத் தகப்பன் கடமைப்பட்டவர். பிள்ளையை வைத்திருப்பவர் பிள்ளைக்காக நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம். கேட்க வெட்கப்படாதீர்கள். காசு கொடுத்தால் பிள்ளையைக் கொடுக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை, கொடுக்காவிட்டால் பார்க்கவே விடக்கூடாது என்றும் இல்லை. நம் பக்கத்தில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் பாதிச் சண்டை. இதை வாசிக்கிற முஸ்லிம் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. தாபரிப்புக்குக் காதி நீதிமன்றம் போகலாம், ஆனால் பிள்ளையின் பொறுப்பைத் தீர்மானிக்கும் அதிகாரம் காதிக்கு இல்லை, அதற்கும் மாவட்ட நீதிமன்றம்தான்.

சட்டத்தரணிக்குக் காசு இல்லையே என்று எழுதியிருக்கிறீர்கள். சட்ட உதவி ஆணைக்குழு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி வந்தது, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வழக்குப் பேசும். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகம் இருக்கிறது. வருமானத்துக்குக் கிராம சேவகரின் கடிதம் ஒன்று எடுத்துப் போங்கள். போகிற அன்று பையில் இருக்க வேண்டியவை: பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், அக்காவின் திருமணச் சான்றிதழ், காசு அனுப்பிய துண்டுகள், கணவரின் கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் கார்டு, முதலாளி கையெழுத்து வாங்கிய கடதாசியின் பிரதி இருந்தால் அது, துவக்கு ஒப்படைத்த பற்றுச்சீட்டு. எல்லாவற்றுக்கும் இரண்டு போட்டோக் கொப்பி, மூலத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம். மண்டூரிலிருந்து ஆற்றைக் கடக்கும் பாதைப் படகில் குருமண்வெளிக்கு வருவீர்கள் என்றால் பையைத் தடித்த பொலித்தீனில் சுற்றிக்கொள்ளுங்கள். மாரியில் அந்த ஆற்றுக் காற்றில் சாரல் அடித்து, ஒருவரின் பிறப்புச் சான்றிதழ் மை கரைந்து என் மேசைக்கு வந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. புதிதாக ஒன்று எடுக்க எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது.